வாயை மட்டும் அசைங்க

கண் மருத்துவமனையில் டோக்கன் பார்த்துப் பெயர் கூப்பிடுவதுதான் அவள் வேலை. காத்திருக்கும் கூடத்தில் குழந்தைகள் அழும், யாராவது போனில் கத்துவார்கள். அதையெல்லாம் தாண்டிக் கடைசி நாற்காலி வரைக்கும் குரல் போய்ச் சேர வேண்டும். வருடக்கணக்காக அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவள் தொண்டை தகரமாகிவிட்டது. அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு, நாற்பது தாண்டிய பிறகு, பாட்டு நாடகக் குழுவில் போய்ச் சேர்ந்தாளே, அவளை என்ன சொல்ல! ஆசை யாரைத்தான் விட்டது.

குழுவில் அவளுக்கு ‘டோக்கன் அக்கா’ என்று பெயர். முதல் ஒத்திகையிலேயே பாட்டு மாஸ்டர் கீபோர்டை நிறுத்திவிட்டார். அவளைவிடச் சின்னவர், மரியாதை தெரிந்தவர்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. கோரஸ்ல ஒரு குரல் தனியா கேட்டா மொத்தப் பாட்டும் போச்சு. உங்க குரல் தனியா கேக்குது. மேடையில வாயை மட்டும் அசைங்க, போதும்.”

நடிப்பு வந்தது, கால் தாளம் தப்பவில்லை. அதனால் வைத்துக்கொண்டார்கள். சந்தைக்காரியாக, கைதியாக, புயலில் மாட்டிய கப்பல் பயணியாக, எல்லாவற்றிலும் வாயை அசைத்தாள். பகலெல்லாம் நின்று கால் வீங்கியிருக்கும். அந்தக் காலோடு பஸ் பிடித்து ஒத்திகைக்கு ஓடுவாள், ஊமையாக நிற்பதற்கு. அவள் பாடுவதில்லை என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

இதில் கொடுமை அவள் கணவர்தான். பிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர். பாட்டுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் ஒரு நாடகம் விடமாட்டார். முடிந்ததும் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டே சொல்வார்: “அத்தனை பேர்லயும் உன் குரல் தனியா கேட்டுச்சு.” மனுஷர் பொய் சொல்கிறவர் இல்லை. கேட்க ஆசைப்பட்டார், கேட்டது. அவளுக்குத்தான் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருக்கும்.

நாலாவது நாடகத்தோடு நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தாள். அலுத்துப் போயிருந்தது. ஆனால் ஒரே ஒரு தடவைகூடப் பாடாமல் போக மனம் வரவில்லை. மருத்துவமனையிலேயே குரலைத் தணித்துக் கூப்பிட்டுப் பழகினாள். “ஏம்மா, கண்ணு தெரியலன்னு வந்தேன், இங்க வந்து காதும் போச்சே” என்றார் ஒரு பெரியவர். மேனேஜர் தனியே கூப்பிட்டுத் திட்டினார். அவள் விடவில்லை.

கடைசிக் காட்சி அன்று மதியம் மாஸ்டரிடம் போய் நின்றாள்.

“மாஸ்டர், இன்னிக்கு நிஜமாவே பாடட்டுமா? இதோட நான் நின்னுக்கறேன்.”

“கடைசிப் பாட்டு மட்டும் பாடுங்கக்கா. ஆனா உங்க குரல் தனியா கேட்டா நான் கையைத் தூக்குவேன். உடனே நிறுத்திடணும்.”

பாடினாள். பக்கத்தில் நின்று பாடிய ஒரு தையல்காரியின் குரலைப் பிடித்துக்கொண்டு, அதற்குள்ளேயே தன் குரலை வைத்தாள். கண் மட்டும் மாஸ்டர் கைமேலேயே இருந்தது. அந்தக் கை கீபோர்டைவிட்டு எழவில்லை. பாட்டு முடிந்ததும் எல்லோரையும் பார்த்துத் தலையாட்டியது போலத்தான் அவளையும் பார்த்துத் தலையாட்டினார். போகிறவள்தானே என்று பாவம் பார்த்து விட்டுவிட்டாரோ? அந்தச் சந்தேகம் வேஷத்தைக் கலைக்கும்போதும் அவளை அரித்தது.

வெளியே கணவர் வண்டியைக் கிளப்பாமல் நின்றிருந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

“என்னங்க?”

“ஒண்ணுமில்ல. கடைசிப் பாட்டுல காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். உன் குரலே கேக்கல. தொண்டை கட்டிடுச்சா?”

“நிஜமாவே கேக்கலையா?”

“கேக்கலன்னா கேக்கலதான். இதுல பொய் என்ன இருக்கு?”

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து, அவர் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். இவ்வளவு சந்தோஷத்தை அந்த அலுத்த உடம்பால் தாங்க முடியவில்லை. அவர் பதறிப்போனார்.

“இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா? அடுத்த நாடகத்துல பாத்துக்கலாம், விடு.”

“சரி, பாத்துக்கலாம்” என்றாள்.