சாமி கடைசியாகத்தான் வருவார்

யுத்தம் நடந்த வருடங்களில் கண்டி டவுனில் ஓர் அச்சுக்கடையில் கம்ப்யூட்டரோடு மாரடித்துக்கொண்டிருந்தேன். முதலாளி ஒரு முஸ்லிம். நோட்டீஸ், கலியாணக் கார்டு எல்லாம் நான்தான் வரைவேன். வெளியே போனால் சோதனைச் சாவடி, உள்ளே வந்தால் இந்தச் சனியன். ஆமை வேகம் என்றால் ஆமை கோபித்துக்கொள்ளும்.

அதில் நாம் வரைவது படமாக இருக்காது. இங்கிருந்து அங்கே இவ்வளவு வளைவு, உள்ளே இந்த நிறம் என்று வெறும் கணக்காகத்தான் இருக்கும். திரையோ குட்டிக் குட்டிச் சதுரங்கள். எந்தச் சதுரத்துக்கு எந்த நிறம் என்று பார்த்துப் பார்த்து, அடியில் இருக்கும் உருவத்தை முதலிலும் மேலே இருப்பதைக் கடைசியிலுமாக அது பூசிக்கொண்டு வரும். வளைவெல்லாம் படிக்கட்டு மாதிரித் தெரியும். தாளில் அடித்தால் சரியாகிவிடும். முழுப் படத்தையும் காட்டச் சொன்னால், அதற்குள் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். அதனால் நிறத்தை நிறுத்திவிட்டு, கோடுகளை மட்டும் காட்டவைத்தே வேலை பார்ப்பேன்.

கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு குருசாமி ஐயப்பன் பூசை நோட்டீஸுக்காக வந்தார். புலிமேல் சாமி வேண்டும் என்றார். இரண்டு நாள் மெனக்கெட்டேன். புலியின் ஒவ்வொரு வரியும் தனித்தனி உருவம். பல்லைக்கூட விடவில்லை. ராணுவத்தோடு சண்டை போடுகிற இயக்கத்தின் கொடியில் என்ன மிருகம் இருக்கிறது என்பது ஏனோ என் மண்டையில் ஏறவே இல்லை.

மூன்றாம் நாள் காலை பொலிஸ்காரர் இருவர் கடையைச் சோதிக்க வந்தார்கள். மஹய்யாவயில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரை வீட்டில் ஒரு டயரி இருந்ததற்காகப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். இரண்டு மாதம் கழித்துத் திரும்பிவந்தவர் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை.

திரையில் கோட்டுக் குவியல். என்ன இது என்று மூத்தவர் சிங்களத்தில் கேட்டார்.

"கோயில் நோட்டீஸ், சேர்," என்றார் முதலாளி.

"காட்டு."

விசையை அழுத்தினேன். திரை வெளுத்தது. வானம் பட்டை பட்டையாக இறங்கியது. பிறகு மலை. பிறகு மஞ்சள் உடம்பு. அதன்மேல் ஒவ்வொன்றாகக் கறுப்பு வரிகள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாமியை எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருந்தேன். அவர் கடைசியாகத்தான் வருவார்.

வாய் திறந்தது. பல் ஒவ்வொன்றாக முளைத்தது. அத்தோடு கம்ப்யூட்டர் அசையாமல் நின்றுவிட்டது.

"கொட்டியா," என்றார் மூத்தவர். புலி. அவர் கை என் தோளில் விழுந்தது. மற்றவர் அடையாள அட்டையைக் கேட்டார். எடுத்து நீட்டும்போது அட்டை கீழே விழுந்தது.

"தெய்யோ எனவா, சேர். தெய்யோ எனவா," என்றார் முதலாளி. சாமி வர்றார், சேர், சாமி வர்றார். ஐந்து வேளை தொழுகிற மனிதர், என் சாமிக்காக மன்றாடினார். நானும் மனதுக்குள் கெஞ்சினேன். சீக்கிரம் வாப்பா.

கடைசியில் ஒரு பாதம் வந்தது. பிறகு வேட்டி, மாலை, கழுத்து மணி, சதுரம் சதுரமாக முகம். மூத்தவர் கையை எடுத்தார். என் அட்டை இலக்கத்தை எழுதிக்கொண்டார்.

"உங்கள் கடவுளுக்கு வேறு மிருகம் கிடைக்கவில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

முதலாளி நெற்றியைத் துடைத்தார். "தம்பி, தண்ணி கொஞ்சம் குடிங்க. முகமெல்லாம் வெளிறிப் போயி ஈக்கிது," என்றார். புலியை எடு என்று யாருமே சொல்லவில்லை. நானாகத்தான் அதைத் தெரிந்தெடுத்து அழித்தேன். ஒரே விசை. இரண்டு நாள் வேலை. சாமி காலை அகட்டி வெறும் காற்றில் உட்கார்ந்திருந்தார். வேறெதையாவது வரைந்து வைக்கவும் எனக்குத் தெம்பில்லை.

மறுநாள் குருசாமி மாதிரித் தாளைப் பார்க்க வந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"சாமி எதுல தம்பி உக்காந்திருக்காரு?"

நான் வெளியே சோதனைச் சாவடிப் பக்கம் பார்த்தேன். அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"சரி, அடிச்சிருங்க," என்றார்.

அந்த நோட்டீஸ் தோட்டத்தோடு நிற்காமல், டவுனில் எங்கள் மஹய்யாவ முழுக்கவும் ஒட்டப்பட்டது. என் வீட்டுக் கதவிலும் யாரோ ஒன்று ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டிப் போகவே எனக்கு வெட்கமாக இருந்தது. புலி எங்கே என்று ஊரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.