கால் லிட்டர் தூரம்

ஓர் ஆளுக்கு மட்டும் குழம்பு வைக்க கிருபாபாய்க்குக் கைவரவே இல்லை. ராஜபாளையம் பஞ்சாலையில் நூலைக் கோனில் சுற்றிவிட்டு வீடு வந்தால், ரெண்டு பேருக்கான புளியைத்தான் கரைப்பாள். புருஷன் பொன்னுராஜ் ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் இருந்தான். ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு ஊருக்கு பஸ் கிடையாது. அங்கேயே நாலு பேரோடு அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை மட்டும் வருவான். கல்யாணமான நாளிலிருந்தே அவர்கள் குடித்தனம் இப்படித்தான்.

சொந்தமாக மோட்டார் சைக்கிள் இருந்தால் தினமும் வரலாம். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகள் அவனுக்குச் சரிப்படவில்லை. பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும். கொஞ்சம் பெட்ரோல் எரியாமலே புகையோடு போய்விடும். புதிதாக வந்திருந்த நூறு சி.சி. ஃபோர் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் ரெண்டு தடவை ஏறி இறங்கினால்தான் ஒரு தடவை பெட்ரோல் எரியும். சொன்ன மைலேஜ் நிஜமாகவே கொடுக்குமா என்பதுதான் சந்தேகம்.

அறையில் கூடத் தங்கியிருந்த சுயம்புலிங்கம் அப்படி ஒரு வண்டி வாங்கியிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவல் கொடுத்தான். பொன்னுராஜ் குளுக்கோஸ் பாட்டிலில் கால் லிட்டருக்குக் கோடு போட்டு, டேங்கை அடைத்துவிட்டு, பாட்டிலின் ரப்பர் குழாயை நேராக கார்புரேட்டரில் மாட்டினான்.

"இதுல ஸ்ரீவில்லிபுத்தூர் போயிட்டு வீடு வந்து சேரணும். நடுவுல நின்னுச்சுன்னா வண்டிப் பேச்சே எடுக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றவன், பெட்ரோலை அவளை ஊற்றச் சொல்லிவிட்டுச் சட்டை மாற்றப் போனான்.

பின்னால் உட்கார்ந்து பாட்டிலைத் தூக்கிப் பிடித்த கிருபாபாய்க்குக் கை கடுத்தது. கண்மாய்க்கரை இறக்கத்தில் திடீரென்று சத்தமே இல்லை.

"என்னங்க, நின்னு போச்சா?"

"இல்லட்டி, பேசாம வா."

அடுத்த இறக்கத்திலும் அப்படித்தான்.

வீட்டு வாசலில் வண்டி நின்றபோது பாட்டிலில் பெட்ரோல் மிச்சம் இருந்தது. பொன்னுராஜ் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"எம்புட்டு ஊத்துன?"

"கோட்டுக்கு மேல ரெண்டு விரல்."

"அடி கள்ளி!"

"நீங்க மட்டும் யோக்கியமாக்கும்? எறக்கத்துல எல்லாம் இஞ்சினை அமத்திட்டு உருட்டிட்டுத்தான வந்தீக?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். "அப்ப இது நெசமா எம்புட்டுக் குடிக்கும்னு நம்ம ரெண்டு பேருக்குமே தெரியாது."

"இன்னொருக்க ஊத்திப் பாப்பமா?"

"வேண்டாம்" என்றான் உடனே. மிச்சப் பெட்ரோலை டேங்கில் ஊற்றி, வண்டியைத் துடைத்து வைத்தான்.

அடுத்த சனிக்கிழமை ஷோரூமில் பணம் கட்டிப் பதிவு செய்தார்கள். வண்டி வர மாசக்கணக்கில் ஆகும் என்றார்கள். மறுநாள் சாயங்காலம் அவனை பஸ் ஏற்றிவிடப் போனவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நடுவுல ஒரு புதன்கிழமை வாங்களேன்."

"வண்டி வரட்டும்ட்டி. எல்லாக் கிழமையும் வாரேன்."

பஸ் நகர்ந்தது. கம்பியை விடாமல் கொஞ்ச தூரம் கூடவே நடந்தாள்.