எழுதிக் கொடுத்த பெயர்

என் கணவர் தங்கச் சுரங்கத்து ஊரிகம் ஸ்டேஷனில் ரயில் ஏறியபோது எனக்கு ஐந்தாம் மாதம். பங்காருபேட்டையில் அண்ணன் முறைக்காரர் ஒருவரைப் பார்த்துவிட்டு மறுநாள் திரும்பிவிடுவதாகச் சொன்னார். நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டார். கம்பளியையும் மடித்து எடுத்துக்கொண்டார். ஒரு நாள் பயணத்துக்குக் கம்பளி எதற்கு என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. நான்கு வகுப்பு படித்தவள், வெறும் சந்தேகத்துக்கெல்லாம் புருஷனை வழிமறிக்கக் கூடாது என்று அப்போது எனக்கு ஓர் எண்ணம் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் அறையைப் பெருக்கும்போது கூரைக் கழியில் செருகியிருந்த அவருடைய பித்தளை டிக்கெட் கண்ணில் பட்டது. எண் வெட்டிய அந்த வில்லை இல்லாமல் யாரும் சுரங்கத்துக்குள் இறங்க முடியாது. குளிக்கும்போதுகூட அதை அரைஞாணில் கட்டியிருப்பார். அதைப் பார்த்ததும் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அன்று மாலையே அவரோடு வேலை செய்த ஒருவர் வந்து, பங்காருபேட்டையில் அவர் பட்டணத்து வண்டியில் ஏறியதைப் பார்த்ததாகச் சொன்னார். ரங்கூனுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு மாதமாகவே பேசிக்கொண்டிருந்தாராம். என்னிடம் பேசியதில்லை.

நாங்கள் இருந்தது மூங்கில் தட்டியால் தடுத்த ஓர் அறை. வரிசையாகப் பன்னிரண்டு அறைகள்; அதை லைன் என்போம். ஓர் அறையில் தும்மினால் மூன்றாவது அறையில் கேட்கும். அந்த அறை எங்களுடையதல்ல, டிக்கெட்டுக்கு உரியது. டிக்கெட் போனால் அன்றே காலி செய்ய வேண்டும். வெளியே அடுத்த ஆள் மூட்டையோடு காத்திருப்பான்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். எனக்கு அந்த வீடு இல்லை. ஊரார் கேலி செய்தபோதும் என்னை மிஷன் பள்ளிக்கு அனுப்பிய அப்பா அதற்கு முந்தின வருஷம் இறந்துவிட்டார். வட ஆற்காட்டிலிருந்த அண்ணனுக்குக் கடிதம் போட்டேன். அவனுக்குப் படிக்கத் தெரியாது. யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். பதில், சுரங்க வேலைக்கு வந்த ஓர் ஆளின் வாய்மொழியாக வந்தது: "இங்க கஞ்சிக்கே வழியில்ல. அங்கயே பெத்துக்கினு அப்பால வரச் சொல்லு."

ஆகவே பிள்ளை பிறக்கும்வரைக்காவது அந்த அறை எனக்கு வேண்டியிருந்தது. அதற்குமேல் நான் எதையும் யோசிக்கவில்லை.

அந்தப் பதில் வருவதற்கு முன்பே, நான்காம் நாள், மேஸ்திரி வந்தார். எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்து வேலையில் சேர்ப்பவர் அவர்தான்.

"இன்னாம்மா, எங்க உன் வூட்டுக்காரன்?"

"பங்காருபேட்டை போயிருக்காரு."

"பங்காருபேட்டை இன்னா சீமையிலயா கீது? நாலு ஷிப்டு ஆச்சி." அறைக்குள் எட்டிப் பார்த்தார். கழியில் இருந்த டிக்கெட்டைப் பார்த்துவிட்டார். குரலைத் தாழ்த்தினார். "பூட்டானா?"

நான் வாசலை விட்டு ஒதுங்கி நின்றேன்.

அவர் வாசலில் குந்தி ஒரு வழி சொன்னார். அவரிடம் ஓர் ஆள் இருந்தார். வேறொரு சுரங்கத்தில் மேற்பார்வையாளரை எதிர்த்துப் பேசி டிக்கெட்டைப் பறிகொடுத்தவர்; தன் பெயரில் இனி எங்கும் சேர முடியாது. அவர் என் கணவரின் டிக்கெட்டில், என் கணவரின் பெயரில் இறங்குவார். பிரம்மச்சாரிகளோடு வேறு அறையில் தூங்குவார். சம்பளத்தில் ஒரு பங்கு எனக்கு, ஒரு பங்கு மேஸ்திரிக்கு. அறை என்னிடமே இருக்கும்.

"துரைக்கு நம்பர்தான் தெரியும், மூஞ்சி தெரியாது. நீ வாயைத் தெறக்காம இரு, அது போதும்."

டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன்.

வாயைத் திறக்காமல் இருப்பது எளிதாகத்தான் இருந்தது. புருஷன் பெயரை எங்களில் எந்தப் பெண்ணும் சொல்வதில்லை. யாராவது கேட்டால் சிரித்துவிட்டுப் பக்கத்திலிருப்பவளைக் காட்டுவோம். அதனால் நான் பொய்யென்று ஒன்றைச் சொல்ல நேரவே இல்லை. "வூட்டுக்காரரு ஷிப்டுக்குப் போயிட்டாரா?" என்று தண்ணீர்க் குழாயடியில் யாராவது கேட்டால் குடத்தைத் தூக்கிக்கொள்வேன். லைனில் உள்ளவர்களுக்கு விஷயம் தெரியும் என்றும் எனக்குத் தெரியும். தட்டிச் சுவரில் எதுவும் நிற்காது.

அடுத்த அறை அக்கா மட்டும் நேராகப் பேசுவாள். சுரங்கத்திலிருந்து வரும் கல்லைப் பொறுக்கிப் பிரிக்கும் மேடையில் வேலை செய்பவள். ஏழாம் மாதம்வரை நானும் அவளோடு போய்க் கல் பொறுக்கினேன். பிறகு குனிய முடியவில்லை. லைனில் இருப்பவர்களுக்கு ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். கேழ்வரகு மாவோ சுள்ளியோ கருவாடோ தருவார்கள். இரண்டு பக்கம் எழுதச் சொல்லிவிட்டு ஒரு கருவாடு கொடுப்பவர்களும் உண்டு.

"படிச்ச பொண்ணுக்கு வந்த கெதியப் பாரு," என்பாள் அக்கா. "ரெண்டு பக்கத்துக்கு ஒரு கருவாடு. நாலு நாள் அத்த மோந்துகினே கஞ்சி குடிக்கலாம்."

எட்டாம் மாதம் ஆண்டர்சன்பேட்டைக்கு நடந்துபோய், மிஷன் கோயில் பக்கத்தில் குடியிருந்த பாதிரியாரின் மனைவியைப் பார்த்தேன். கைவிடப்பட்ட பெண்களுக்கு அந்த அம்மா தையல் வேலை கொடுப்பதாகவும், சின்னப் பிள்ளைகள் வகுப்புக்கு ஓர் ஆசிரியை தேடுவதாகவும் கேள்விப்பட்டிருந்தேன். வேலை கேட்டு மனுவை நானே எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் படித்துவிட்டு என் எழுத்தை மெச்சினார். பிறகு கேட்டார்:

"உன் புருஷன் எங்கே?"

கைவிட்டுவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் டிக்கெட் விஷயம் வெளியே வந்து அறை போய்விடும் என்று பயந்தேன். அது பாதிதான் உண்மை. கைவிடப்பட்டவள் என்கிற சொல்லை அந்தச் சுத்தமான முற்றத்தில், என் எழுத்தை மெச்சிய அந்த அம்மாவின் எதிரில், என்னைப் பற்றிச் சொல்ல முடியவில்லை.

"சுரங்கத்தில்," என்றேன்.

"அப்படியானால் யாருமில்லாதவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டும் அல்லவா," என்று சொல்லி, மோர் கொடுத்து அனுப்பினார். மனுவை மட்டும் மேஜைக்குள் வைத்துக்கொண்டார்.

ஒன்பதாம் மாதம் நடுவில், டிக்கெட்டில் இறங்கிக்கொண்டிருந்த அந்த மனிதருக்குக் காய்ச்சல் கண்டது. அக்கம்பக்கத்து ஊர்களில் பிளேக் என்னும் கொள்ளைநோய் பரவிய சமயம் அது. மூன்று நாள் வேலைக்கு வராதவனை சுரங்க ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸ்ஸர் அறைக்கே வந்து பார்த்து எழுதி, வீட்டார் ஒருவரிடம் ரேகையும் வாங்கிக்கொண்டு போவார். ஆள் அறையில் இல்லையென்றால் டிக்கெட் ரத்து.

மேஸ்திரி காலையிலேயே ஓடிவந்தார். "டிரெஸ்ஸர் மேல் லைனுக்கு வந்துட்டாரு. அவன் இங்கதான் படுக்கணும்."

"இங்கயா?"

"பின்ன உன் வூட்டுக்காரன் வேற எங்க படுப்பான்?"

இரண்டு பேர் அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து என் பாயில் படுக்க வைத்தார்கள். அதுவரை அவர் என் வாசலைத் தாண்டியதில்லை. சம்பளத்தன்று பங்கை வெளிப்படியில் வைத்துவிட்டு, "தங்கச்சி, வெச்சிருக்கேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். இப்போது உடம்பு நடுங்க என் பக்கம் பார்க்காமல் கிடந்தார். நான் வயிற்றைத் தாங்கிக்கொண்டு மூலையில் என் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன்.

டிரெஸ்ஸர் இளவயது, பட்டணத்துத் தமிழர், எங்கள் லைனுக்குப் புதியவர். அக்குளிலும் தொடையிடுக்கிலும் கட்டி இருக்கிறதா என்று பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். விட்டு விட்டு வரும் சாதாரண முறைக்காய்ச்சல்தான் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்க வீட்டுக்காரர்தானே? பேர் சொல்லுங்கம்மா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வாசலில் நின்ற அக்கா உடனே, "இன்னாங்க சாமி, பொம்பள வாயில புருஷன் பேரைக் கேக்குறீங்க," என்று சொல்லி என் கணவரின் பெயரைச் சொன்னாள். "என் ரேகைய வேணா வெச்சிக்கங்க."

அத்தோடு முடிந்திருக்கும். அவர் தாளை அக்காவிடம் நீட்டவும் செய்தார். அப்போது கூரைக் கழியில், டிக்கெட் இருந்த இடத்தில் நான் செருகி வைத்திருந்த மைக்கூடும் கட்டைப்பேனாவும் அவர் கண்ணில் பட்டன.

"இங்க யாருக்கு எழுதத் தெரியும்? இவருக்கா?"

"எனக்கு," என்றேன்.

இதை எத்தனையோ தடவை திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. தெரியாது என்றோ, கடிதம் எழுதுகிறவர் யாரோ விட்டுப்போனது என்றோ சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த லைனில் வேறு எந்தப் பெண்ணிடமும் யாரும் கேட்காத கேள்வி அது. கேட்டதும் என் முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது.

"எதுவரைக்கும் படிச்சீங்க?"

"நாலாம் வகுப்பு தேறியிருக்கேன்."

"அப்போ ரேகை எதுக்கு? சொல்றதுதானே கூடாது, எழுதலாமே." அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். தாளை என் மடியில் வைத்தார்.

அக்கா என்னைப் பார்த்தாள். மேஸ்திரி இருமினார். தட்டிக்கு அப்பால் ஒரு சத்தமும் இல்லை, எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் கணவரின் பெயரை அதற்கு முன் நான் எழுதியதே இல்லை. தெளிவாக எழுதினேன். 'மேற்படியார் என் கணவர். என் பார்வையில், என் வீட்டில் நோயாய் இருக்கிறார்' என்று டிரெஸ்ஸர் சொல்லச் சொல்ல எழுதி, கீழே 'மனைவி' என்று என் கையெழுத்தைப் போட்டேன். பாயில் கிடந்தவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"முத்து முத்தா இருக்கு," என்று சொல்லி டிரெஸ்ஸர் தாளை ஊதி மடித்தார்.

அவர்கள் போன பிறகு அக்கா சொன்னாள்: "நான் வெச்ச ரேகையை நாளைக்கு இல்லன்னு சொல்லிருவேன்டி. நீ எழுதினத இன்னா பண்ணுவ?"

பதினோரு நாள் கழித்து அதே அறையில் மகள் பிறந்தாள். அக்காதான் தொப்புள்கொடி அறுத்தாள்.

பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனதும் மறுபடி ஆண்டர்சன்பேட்டைக்குப் போனேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன். கைவிடப்பட்டவள் என்பதையும் சொன்னேன். பாதிரியாரின் மனைவி பொறுமையாகக் கேட்டார். விசாரிக்கிறேன் என்றார். அடுத்த வாரம் போனபோது ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கிய, நான் அன்று எழுதிக் கொடுத்த தாளையும் என் மனுவையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

"இரண்டும் ஒரே கைதானே?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

"இந்தத் தாளையா, இப்போது நீ சொல்வதையா, எதை நான் நம்பட்டும்?"

நான் சொன்னது உண்மை என்று காட்ட வேண்டுமானால் சுரங்க ஆபீஸில் போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த மனிதரின் பிழைப்பு போகும், அன்று மாலையே என் அறையும் போகும். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தேன்.

இப்போது மகளுக்கு ஒன்றரை வயது. அதே அறையில்தான் இருக்கிறோம். கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். லைனில் இரண்டு பெண் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லித் தருகிறேன். என் கணவரின் பெயர் தினமும் ஷிப்டு தொடங்கும்போது கூப்பிடப்படுகிறது. அதற்கு ஒருவர் பதில் சொல்லிவிட்டு இறங்குகிறார். சம்பளத்தன்று பங்கை வெளிப்படியில் வைக்கிறார். 'என் கணவர்' என்று நான் எழுதிக் கொடுத்த அந்தக் காய்ச்சல் நாளுக்குப் பிறகு அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவதில்லை. வேறு எப்படியும் கூப்பிடுவதில்லை. படியில் காசு சத்தம் கேட்டதும் நான் கதவைத் திறக்காமல் கொஞ்ச நேரம் உள்ளேயே நிற்கிறேன். லைனே கேட்டுக்கொண்டிருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.