கம்பனிக்குக் காட்டாத அடையாள அட்டை

1. மூன்றாம் நம்பர் கொம்பியூட்டர்

"அக்கா, மூடிட்டாங்க!"

சத்தம் மூன்றாம் நம்பர் கொம்பியூட்டரில் இருந்து வந்தது. வாசலில் ஃபோட்டோகொபிக்குக் காத்து நின்ற பெரியவர் பதறிப்போய், "எந்த ரோட்ட மூடிட்டாங்க மகள்? கண்டி பஸ் போகுமா?" என்று கேட்டார். யுத்தத்தின் கடைசி வருடங்கள் அவை. மூடிவிட்டார்கள் என்றால் முதலில் ரோட்டைத்தான் நினைப்போம்.

மூடப்பட்டது ரோடு அல்ல, சின்னமணியின் இணையக் கணக்கு.

மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஹாஜியார் நடத்திய கொமியூனிகேஷனில் நான் அப்போது வேலை செய்தேன். வெளிநாட்டுக்கு டெலிஃபோன் கோல் எடுக்க இரண்டு கண்ணாடிக் கூண்டு, ஒரு ஃபேக்ஸ், ஒரு ஃபோட்டோகொபி மெஷின், உள்ளே நாலு கொம்பியூட்டர். கடைக்கு முதலாளி ஹாஜியார். பாஸ்வேர்ட் மறந்தவர்கள், ஈமெயில் எழுதத் தெரியாதவர்கள், கோல் பேசிவிட்டு அழுகிறவர்கள் எல்லாரும் என் பொறுப்பு. விரலை வைத்து ஃபோனைத் திறக்கிற இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், அன்று ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு பிளேன்டீ குடித்து முடித்துவிடலாம்.

சின்னமணி எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் டீச்சர். சனிக்கிழமை தவறாமல் மாத்தளைக்கு இறங்கி வந்து எங்கள் கடையில் உட்காருவாள். சின்னமணி என்பது அவளுடைய வீட்டுப் பெயர். தோட்டத்தில் பலருக்கும் இப்படித்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர் இருக்கும், அது அரசாங்கக் கச்சேரிக்கும் பாங்குக்கும் மட்டும். வீட்டில் ஒரு பெயர் இருக்கும், ஊரே அதைத்தான் கூப்பிடும். படிக்கிற பிள்ளைகளே அவளை "சின்னமணி டீச்சர்" என்பார்கள்.

வரன் தேடும் இணையத்தளம் ஒன்றில் அவள் சேர்ந்தபோது நான்தான் பக்கத்தில் இருந்தேன். "சொந்தப் பேரப் போடவாக்கா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். "அப்ப வீட்டுப் பேரப் போடுறேன். அது எந்த ரெஜிஸ்டர்லயும் இல்லயே" என்றாள். கெட்டிக்காரி என்று முதுகில் தட்டினேன். முகத்துக்குப் பதிலாக ஒரு செவ்வரத்தம்பூவின், அதாவது செம்பருத்தியின், படத்தைப் போட்டோம்.

அவளோடு பேச வந்தவர் சீகிரியாப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் கேக் செய்கிறவர். ராஜ் என்று மட்டும் போட்டிருந்தார். அவர் முகத்துக்குப் பதிலாகப் போட்டிருந்தது, வேறென்ன, ஒரு கேக். செவ்வரத்தம்பூவும் கேக்கும் மாதக்கணக்கில் பேசிக்கொண்டன. ஃபோன் நம்பரோ ஈமெயில் முகவரியோ எழுதினால் அந்தத் தளம் தானாகவே அழித்துவிடும். அதனால் இருவருக்கும் அந்தத் தளத்தைத் தவிர வேறு வழியில்லை.

அன்றைக்கு அந்த வழியைத்தான் மூடியிருந்தார்கள். அடையாள அட்டையின், அதாவது ஐசியின், இரண்டு பக்கக் கொபி, வீட்டு முகவரி, தகப்பன் பெயர் எல்லாவற்றையும் அனுப்பினால்தான் கணக்கைத் திறப்பார்களாம்.

"திறக்காட்டி நான் அவர எங்கக்கா தேடுவேன்? பேரே முழுசாத் தெரியாதே" என்றாள். அவள் முகம் வாடிப்போயிருந்தது.

2. கம்பனியில் யாருக்கு?

ஹாஜியாருக்கு இரக்க மனசு. அவசரமும் அதிகம். "என்ன யோசிக்கிற நீ? ஸ்கேன் பண்ணி அனுப்பிடு. புள்ளட கல்யாண விஷயம்" என்றார்.

"ஐசி கொபி யாருக்குப் போகுது ஹாஜியார்?"

"கம்பனிக்கு."

"கம்பனில யாருக்கு?"

ஹாஜியார் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார்.

எனக்குப் பயம் வருவதற்குக் காரணம் இருந்தது. எங்கள் தெருவில் பேக்கரியில் வேலை செய்த ஒருவர் தன் அடையாள அட்டைக் கொபியை எங்கேயோ கொடுத்திருக்கிறார். அதை வைத்து யாரோ ஒரு சிம் எடுத்துவிட்டார்கள். எடுத்தவன் யார், யாரிடம் பேசினான் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். பொலிஸ் வந்து நின்றது பேக்கரி வாசலில். அவர் தமிழர் வேறு. அவரை வெளியே எடுக்க ஹாஜியாரும் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தார். அதை நினைவுபடுத்தினதும் ஹாஜியாரின் குரல் இறங்கிவிட்டது. "அது சரிதான் புள்ள. அல்லா காப்பாத்தணும்" என்றார்.

நான் ஒரு வேலை செய்தேன். அட்டையின் நம்பர் மேலும் முகவரி மேலும் கடதாசித் துண்டை வைத்து மறைத்து, குறுக்கே "இந்தத் தளத்தின் பாவனைக்கு மட்டும்" என்று பெரிதாக எழுதி, ஸ்கேன் பண்ணி அனுப்பினேன். தெளிவில்லை, முழு அட்டையும் வேண்டும் என்று பதில் வந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் திரட்டி, ஏன் வேண்டும், எங்கே வைப்பீர்கள், யார் பார்ப்பார்கள் என்று கேட்டு எழுதினேன். அதே பதில் எழுத்து மாறாமல் திரும்ப வந்தது. சுவரோடு சண்டை போட்டதுதான் மிச்சம்.

அடுத்த சனிக்கிழமை சின்னமணிக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒங்களுக்கு என்னாக்கா! கல்யாணம் ஆகி, புள்ளைங்க இருக்கு. எனக்கு முப்பது ஆகப்போகுது. ஒருத்தர்கிட்டயாவது மனசு விட்டுப் பேசினேன். அதையும் நீங்க கெடுத்துட்டீங்க."

எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. பயப்படுவது நான், இழப்பது அவள்.

"நாளைக்கு எங்க தோட்டத்துக் கோயில் திருவிழா. திங்கக்கிழம ஸ்கூல் லீவு. நான் வந்து முழு ஐசியையும் அனுப்பத்தான் போறேன். நீங்க ஒன்னும் சொல்லக் கூடாது" என்றாள். வாசல்வரை போய்த் திரும்பி நின்று, "திருவிழாவுக்குக் கட்டாயம் வந்துருங்க. அம்மா கேட்டாங்க" என்று முறைத்தபடியே சொல்லிவிட்டுப் போனாள். கோபத்திலும் விருந்துக்குக் கூப்பிடுகிற பிள்ளையை என்ன செய்வது?

3. எல்கடுவ பஸ்

ஞாயிறு காலை எல்கடுவ பஸ்ஸில் ஏறினேன். எனக்கு முன் சீட்டில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், மடியில் ஒரு அட்டைப் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரிப் பிடித்துக்கொண்டு இருந்தார். வளைவுக்கு வளைவு பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்.

கொண்டக்டர் சிங்களவர், தமிழ் தண்ணீர் பட்ட பாடு. அவரிடம் அந்த வெள்ளைச் சட்டைப் பையன் தயங்கித் தயங்கி, "இந்தப் பக்கத்துத் தோட்டத்துல சின்னமணின்னு ஒரு டீச்சர் இருக்காங்களாமே" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அட, நம்ம சின்னமணி டீச்சரா! உக்காருங்க மல்லி, நான் எறக்கி விடுறேன்" என்றார் கொண்டக்டர். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

பின்னால் இருந்து ஒரு அம்மா, "எங்க மக அவங்ககிட்டதாங்க படிக்குது. அவுங்கப்பா கங்காணி. மூணாவது லயம், கடைசி வூடு" என்றார். இன்னொருவர் வீட்டு வாசல் எந்தப் பக்கம் என்று சொன்னார். நாய் கடிக்காது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். கம்பனியின் மெஷினுக்குச் சின்னமணி யாரோ. இந்த ரோட்டிலோ அந்தப் பெயரைச் சொன்னால் கதவைத் திறந்தே விடுவார்கள். அடையாள அட்டையில் இருக்கிற பெயரைச் சொல்லி அந்தப் பையன் கேட்டிருந்தால், அப்படி ஒருத்தர் இங்கே இல்லை என்று கொண்டக்டரே திருப்பி அனுப்பியிருப்பார். ஊருக்கே தெரிந்த பெயருக்குப் பின்னால் அவளை ஒளித்து வைத்துவிட்டு, கெட்டிக்காரி என்று முதுகில் வேறு தட்டியிருக்கிறேன்!

எழும்பிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தம்பி எங்க இருந்து?"

"சீகிரியாங்க."

"பெட்டியில என்னா?"

"கேக்குங்க."

"கணக்க மூடிட்டாங்களா?"

அவர் கண் இரண்டும் பெரிதாகிவிட்டன. "ஒங்களுக்கு எப்பிடிங்க தெரியும்? ஐசி கேட்டாங்க, நான் குடுக்கல. மூடிட்டாங்க."

"எல்கடுவன்னு யாரு சொன்னா?"

"அவங்கதாங்க. எல்கடுவ பஸ் லேட்டாயிருச்சுன்னு வாரா வாரம் எழுதுவாங்க. இன்னிக்குத் திருவிழான்னும் எழுதியிருந்தாங்க. வந்தா கூட்டத்துல கண்டுபுடிச்சிரலாம்னு வந்துட்டேன்."

முகத்தை மறைத்தோம், நம்பரை மறைத்தோம், பஸ்ஸை மறைக்கவில்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் உள்ளுக்குள் உதறலும் இருந்தது. இவர் கெட்டவராக இருந்தால்? பஸ்ஸை விட்டு இறங்கினதில் இருந்து அவரை என் கண்பார்வையில் இருந்து விடவில்லை.

4. கங்காணி கேட்ட கேள்வி

தோட்டத்துக்குள் புது முகம் வந்தால் விசாரிக்காமல் விடாத காலம் அது. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளின் வாசலில் கங்காணி, அதாவது சின்னமணியின் அப்பா, கையை நீட்டிவிட்டார்.

"தம்பி யாரு? ஐசி இருக்கா?"

பையன் மறுபேச்சுப் பேசாமல் எடுத்துக் கொடுத்தார். கங்காணி கண்ணாடியைப் போட்டு முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு தன் மச்சானிடம் கொடுத்தார். மச்சான் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கொடுத்தார். கம்பனிக்குக் கொடுக்காத அட்டை ஒரு லயம் முழுக்கக் கைமாறிக்கொண்டிருந்தது.

"ஏன் தம்பி, இதுக்குக் கம்பனிக்கே அனுப்பியிருக்கலாமே?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அங்க யாரு பார்க்கிறாங்கன்னு தெரியாதுங்களே. இங்க பார்க்கிறவங்கள நானும் பார்த்துக்கிட்டே நிக்கிறேன். பார்த்துட்டுத் திருப்பித் தந்துருவாங்க."

அந்த நேரம் பார்த்துச் சின்னமணி அர்ச்சனைத் தட்டோடு கோயிலில் இருந்து வந்தாள். வாசலில் ஒரு ஆளையும், அவர் கையில் பெட்டியையும் கண்டு அப்படியே நின்றாள். அவர் மூடியைத் திறந்தார். வெள்ளைக் கேக், நடுவில் சிவப்பு ஐசிங்கில் ஒரு செவ்வரத்தம்பூ. பஸ் குலுக்கியதில் ஒரு இதழ் சரிந்திருந்தது. சின்னமணியின் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு சந்தோஷம்!

கங்காணி அட்டையைத் திரும்ப வாங்கி, துடைத்து, பையனிடம் கொடுத்தார்.

"சரி, இது சர்க்கார் பேரு. வீட்டுல என்னான்னு கூப்புடுவாங்க?"

பையன் தலையைக் குனிந்துகொண்டார். காது சிவந்துவிட்டது. "பூச்சின்னு சொல்லுவாங்க."

லயமே சிரித்தது. சின்னமணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். "வாங்க பூச்சி, சாப்புடுவோம்" என்றார் கங்காணி.

5. பிறகு

திங்கட்கிழமை சின்னமணி ஸ்கேன் பண்ண வரவில்லை. மிச்சக் கேக்கைக் கொண்டு வந்தாள். பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்ட ஹாஜியார், "நல்ல வேள, நான் சொன்னதக் கேட்டு அனுப்பாம விட்டீங்க" என்றார். நானும் சின்னமணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அதன்பிறகு யாராவது அடையாள அட்டையை நீட்டி, எங்காவது அனுப்பச் சொன்னால் நான் ஒன்றைக் கேட்பேன்: "வாங்குறவங்க யாருன்னு தெரியுமா, திருப்பித் தருவாங்களா?" கொபி என்பது திரும்பி வராத பொருள். கொடுத்தே ஆக வேண்டிய இடங்கள் உண்டு, பாங்கு, விசா மாதிரி. அங்கேயும் எதற்காகக் கொடுக்கிறோம் என்று குறுக்கே எழுதித்தான் கொடுக்கச் சொல்வேன். அட்டையை மறைத்துவிட்டு, தினமும் ஏறுகிற பஸ்ஸை எழுதாதீர்கள் என்றும் சொல்வேன். சின்னமணிக்கு வந்தவர் நல்லவர். எல்லாருக்கும் கேக்கோடு வருவார்கள் என்று நினைக்க முடியாது. நம்மை யாருக்குமே தெரியக் கூடாது என்பதல்ல, யாருக்குத் தெரியலாம் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். இந்தத் தொழிலில் நான் கற்றது அவ்வளவுதான்.

இதை எழுதி முடித்ததும் சின்னமணிக்கும் அவள் கணவராகிவிட்ட பூச்சிக்கும் வாசித்துக் காட்டினேன். பதிவுப் பெயர்கள் இதில் எங்கும் இல்லை. சின்னமணி, ராஜ், பூச்சி என்பதும் நான் வைத்த பெயர்கள்தான், நிஜமான பெயர்கள் வேறு. சின்னமணிக்குத் தன் பெயர் பிடித்துவிட்டது. அவருக்குத்தான் பூச்சி என்று போட்டதில் கொஞ்சம் மனவருத்தம்.

"அப்ப நிஜப் பேரையே போட்டுரவா?" என்று கேட்டேன்.

"ஐயோ வேணாங்க்கா" என்றார் அவசரமாக. "பூச்சியே இருக்கட்டும்."