பொட்டு வைத்த இரண்டாம் தொகுதி

வெள்ளைக்காரப் பட்டாளத்தின் போர்களைப் பற்றிய பழைய புத்தகங்களைச் சேர்ப்பவனுக்குக் கரையானும் மழை ஈரமும் எதிரிகள் என்று எல்லோரும் சொன்னார்கள். சரஸ்வதி பூஜையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மலாயாக் காடுகளுக்குள் பட்டாளம் புகுந்த கதையை ஓர் ஆங்கிலேய அதிகாரி மூன்று தொகுதிகளாக எழுதியிருக்கிறார். முதல் தொகுதி வெகு காலமாக என்னிடம் இருக்கிறது. மற்ற இரண்டுக்காக நான் ஏறி இறங்காத பழைய புத்தகக் கடை இல்லை. கடைசியில் பார்த்தால் அவை அம்பாங் பெச்சாவில், தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற கிராணி ஒருவர் வீட்டு அலமாரியில் இருந்தன. அவரும் என்னைப் போல ஒரு புத்தகப் பைத்தியம். நடையாய் நடந்த பிறகு இரண்டாம் தொகுதியை மட்டும் கையில் கொடுத்தார்.

"படிச்சிட்டுக் கொண்டாங்க. போன மாதிரியே திரும்பி வந்துச்சுன்னா ரெண்டையும் உங்களுக்கே கொடுத்துர்றேன். எனக்கப்புறம் இதெல்லாம் பழைய பேப்பர் லோரியிலதான் ஏறும்" என்றார்.

புக்கிட் ரோத்தானில் என் வீடு வரைக்கும் காரை ஊர்வலம் போல ஓட்டிக்கொண்டு வந்தேன். பச்சைத் துணி அட்டை, பொன் எழுத்து. பிளாஸ்டிக் உறை போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

பூஜையன்று வாழை இலை வாங்கக் கோல சிலாங்கூர் சந்தைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது மனைவி விளக்கேற்றிப் படைத்து முடித்திருந்தாள். சாமி படத்துக்கு முன்னால் மகளின் கல்லூரிப் புத்தகங்கள், அவற்றின் உச்சியில் கிராணியின் இரண்டாம் தொகுதி. உறையைக் கழற்றியிருந்தாள். பொன் எழுத்தின் மேல் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம்.

துணியை எடுத்துக்கொண்டு பாய்ந்தேன். அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"ஏங்க, பூஜையில வெச்ச புக்கை யாராச்சும் தொடுவாங்களா? நாளைக்குக் காலையில எடுத்துக்கலாம்."

"அது என் புக்கு இல்ல. இன்னொருத்தரோடது!"

"அப்ப அவருக்கும் நல்லதுதானே. நீங்க கண்ணாட்டம் பாத்துக்கிற புக்காச்சேன்னுதான் மேல வெச்சேன்."

இதற்கு மேல் எப்படிக் கோபப்படுவது? படாமலும் இருக்க முடியவில்லை. சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தைத் தொடாமலே வளர்ந்தவன் நான். அவளைத் தள்ளிவிட்டு எடுக்கக் கை வரவில்லை. ஹாலில் உட்கார்ந்து சந்தனம் காய்வதைப் பார்த்துக்கொண்டே சுண்டல் தின்றேன். அவ்வளவு எரிச்சலோடு நான் எதையும் தின்றதில்லை.

விஜயதசமி காலையில் துடைத்தேன். சந்தனம் உதிர்ந்தது. குங்குமம் அட்டைத் துணிக்குள் ஊறிச் செக்கச்செவேலென்று நின்றது. பொன் எழுத்தில் பாதி என் விரலோடு வந்துவிட்டது.

அம்பாங் பெச்சாவில் கிராணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அவர் தேவாலயத்துக்குப் போகிறவர். பூஜை விஷயத்தை எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னேன்.

"பொட்டு வெச்சதுக்குக் கோவமில்லலா. நானும் தோட்டத்து லயத்துல உங்க ஆளுங்களோட வளந்தவன்தானே. அப்பவே துடைச்சிருந்தா போயிருக்கும். ரெண்டும் இங்கேயே இருக்கட்டும்."

அலமாரியைப் பூட்டிவிட்டுத் தேநீர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து கத்தித் தீர்த்தேன். மனைவி நான் முடிக்கும்வரை காத்திருந்து, கல்யாணமான நாளிலிருந்து கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"அப்படி என்னதாங்க இருக்கு அந்தப் புக்குல?"

சொன்னேன். பட்டாளம் ஆற்று வழியாக ஏறி வந்தது, கோட்டையைப் பிடித்தது, மலாய்க் கம்பங்களை ஊர் ஊராகக் கொளுத்தியது. கடைசியில் எல்லாம் எப்படி முடிந்தது என்பது மூன்றாம் தொகுதியில்தான் இருக்கிறது. அதுதான் கை நழுவிப் போய்விட்டது.

"எப்படி முடிஞ்சிச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா? காட்டைப் புடிச்சான். ரப்பர் நட்டான். பால்மரம் வெட்டிப் பாலெடுக்க நம்ம ஆளுங்களக் கப்பல்ல ஏத்திக்கிட்டு வந்தான். அதுக்கு ஒரு புக்கா?"

அவள் சொன்னதுதான் முடிவு, எனக்கும் தெரியும். தெரிந்த பிறகும் அந்த மூன்றாம் தொகுதி வேண்டும் என்றுதான் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.