பூட்டக்கா சொன்ன ஒரே ரகசியம்

வீட்டுத் தரகர்கள் மத்தியில் அவளுக்குப் பூட்டக்கா என்று பெயர். கிண்டலுக்கு வைத்த பெயர்தான். பெரிய பங்களா ஒன்று விலைக்கு வந்தால், எதற்காக விற்கிறார்கள் என்று மற்ற தரகர்கள் மோப்பம் பிடித்துக்கொண்டு அலைவார்கள். விவாகரத்தா, பிள்ளைகளுக்குள் சண்டையா, தொழில் படுத்துவிட்டதா? காரணம் தெரிந்துவிட்டால் விலையை அடித்துப் பேசலாம். அவளிடம் கேட்டால், "காத்து நல்லா வரும். மேல மூணு ரூம்" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்ததே தற்செயலாகத்தான். இருபத்து மூன்று வயதில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தாள். விற்பனையாளர் காய்ச்சலில் படுத்த நாளாகப் பார்த்து, வீடு பார்க்க ஒரு தம்பதி வந்து நின்றார்கள். முதலாளி சாவியை அவள் கையில் திணித்தார்.

"கதவை மட்டும் திறந்து காட்டு. வாயைத் திறந்து காரியத்தைக் கெடுத்துடாத."

அவளும் வாயைத் திறக்கவில்லை. கணவர் சமையலறை சின்னது, குளியலறை இருட்டு என்று முகம் சுளித்துக்கொண்டே வந்தார். மனைவியோ ஜன்னலோரம் நின்று சாப்பாட்டு மேசைக்கு இடம் போதுமா என்று முழம் போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாளே வந்து முன்பணம் கொடுத்தார்கள். அந்த மாதமே அவள் வரவேற்பு மேசையை விட்டு எழுந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு இருபத்தாறு வருடங்கள். யாராவது வீடு பார்க்க வருகிறார்கள் என்றால் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுவாள். எல்லா ஜன்னல்களையும் திறந்து வைப்பாள். செம்மண் நிறம் போகும்வரை குழாய்களில் தண்ணீரை ஓட விடுவாள். எரியாத பல்புக்கு மாற்று அவள் கைப்பையிலேயே இருக்கும். பட்டுப் புடவைக்குள் செருகிய அளவு நாடாவோடு, குனிந்து தரையில் விரிசல் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாள். கல்யாணம் பண்ணிக்கொள்ள நேரமே கிடைக்கவில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். அது பாதி உண்மை.

அவளைவிட ஏழு வயது சின்னவள் தங்கை. புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு, இரண்டு பெட்டிகளோடும் நாலு வயது மகளோடும் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள். அக்கா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மறுவாரமே தன்னோடு வேலைக்குக் கூட்டிப் போனாள். தங்கை சூட்டிகையானவள், பேச்சில் சர்க்கரை போடுவாள். அக்கா பேசாமல் விட்ட இடத்தை அவள் பேசி நிரப்பினாள். பதினோரு வருடம் இரண்டு பேரும் ஒரே வண்டியில் போய் வந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் இதய ஆபரேஷன் செய்யும் டாக்டர் ஒருவர் தன் வீட்டை விற்கக் கூப்பிட்டனுப்பினார். மேட்டுத் தெருவில், ஏரியைப் பார்த்த வீடு. அவர் கதவைச் சாத்திவிட்டு வலது கையை மேசைமேல் வைத்தார். விரல்கள் தாமாக ஆடின.

"ஆபரேஷன் பண்றதைப் போன மாசமே நிறுத்திட்டேன். ஆறு மாசத்துல ஆஸ்பத்திரியை ஒப்படைச்சிட்டு மகன்கிட்டப் போயிடுவேன். அதுவரைக்கும் வெளியே தெரியக் கூடாதும்மா. தெரிஞ்சா, நான் இதுவரை கத்தி வச்ச ஒவ்வொருத்தரும் நெஞ்சைப் பிடிச்சிட்டு வந்து நிப்பாங்க."

"என்னைத் தாண்டிப் போகாது சார்" என்றாள் அவள்.

துணி ஏற்றுமதி செய்யும் ஒருவர் வீட்டைப் பார்த்துவிட்டு, மாடிப்படி செங்குத்து, தோட்டம் வறண்டு கிடக்கிறது என்று பாட்டுப் பாடினார். இவர் வாங்கிவிடுவார் என்று அவளுக்கு அப்போதே தெரிந்தது. அவர் மனைவியோடு மறுபடி வருவதாகச் சொன்ன நாளில், பூட்டக்காவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கும்படி ஆகிவிட்டது. தங்கையை அனுப்ப வேண்டியதாயிற்று.

"டாக்டர் கையில பேனா எதுவும் கொடுத்துடாத. காப்பிக் கோப்பையையும் நீயே வாங்கி மேசையில வச்சிடு" என்றாள், வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

"ஏன்க்கா?"

அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். சொல்லாமல் விட்டால் இவள் ஏதாவது உளறி வைப்பாள். கூடப் பிறந்தவள்தானே. சொல்லிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து ஏற்றுமதிக்காரர் ஃபோனில் கூப்பிட்டார். பேசிய விலையில் கால்வாசியைக் குறைத்தார். "டாக்டருக்குக் கை விழுந்துடுச்சாமே? அவசரம் அவருக்குத்தானே, எனக்கில்லையே" என்றார். அவள் ஃபோனை வைத்தாள். உட்கார நாற்காலியை இழுப்பதற்குள் டாக்டரின் அழைப்பு வந்துவிட்டது.

"உங்க வாயை நம்பித்தாம்மா சொன்னேன்" என்றார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் சாவியைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டு மெதுவாக ஃபோனை வைத்துவிட்டார்.

யார் சொல்லியிருப்பார்கள் என்று நர்ஸைச் சந்தேகப்பட்டாள், டிரைவரைச் சந்தேகப்பட்டாள், மருந்துக்கடைக்காரரைக்கூட விடவில்லை. தங்கையும் கூடவே உட்கார்ந்து, "டிரைவராத்தான்க்கா இருக்கும்" என்றாள்.

அடுத்த மாதம் வேறொரு பத்திரத்துக்காக அவள் பதிவு அலுவலகம் போனாள். மகள் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தங்கை அன்று லீவு சொல்லியிருந்தாள். கவுண்டருக்கு முன்னால் கூட்டம். நடுவில் டாக்டர் குனிந்து நின்றிருந்தார். பேனா காகிதத்தில் நிற்காமல் வழுக்கியது. இரண்டு முறை கோணிப் போனது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஏற்றுமதிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்திரம் நகராமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள், தங்கை.

வெளியே படிக்கட்டில் அக்கா அவளை மறித்துக் கேட்டாள். "ஏன்டி?"

தங்கை முதலில் மழுப்பினாள். பிறகு நிமிர்ந்தாள். "விஷயத்தைச் சொன்னதுக்கு, வீட்டை வாங்கினவர் தான் கட்டுற மூணு கட்டடத்தையும் விக்கிற பொறுப்பை எனக்கே கொடுத்திருக்கார். என் பேருக்கு. பதினோரு வருஷம் உன் பின்னாடி சாவிக்கொத்தைத் தூக்கிட்டு நடந்தேன். ஆபீஸ் போர்டுல என் பேரை ஒரு ஓரமாவாவது எழுதினியா?"

"கேட்டிருக்கலாமே."

"கேக்காம தெரியணும்க்கா."

"டாக்டர்கிட்ட என்ன சொன்ன?"

தங்கை பார்வையைத் திருப்பிக்கொண்டாள். "உன் வாயிலேருந்துதான் வந்துச்சுன்னு சொன்னேன். நான் முடிச்சுத் தரேன்னு சொன்னேன்."

அக்கா மூன்றாம் நாள் டாக்டர் வீட்டுக்குப் போனாள். கூடத்தில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். டாக்டர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீங்க உங்க தங்கச்சிகிட்டச் சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன் சார்."

"அப்ப அவங்க என்கிட்டப் பொய் சொல்லலையே."

தன் முதுகில் தங்கை குத்திய வலியைச் சொல்லி ஆறுதல் தேட வந்தவள், இவர் முதுகில் இருந்தது தன் கத்தி என்று அங்கே நின்றபோதுதான் கண்டாள். மன்னிப்புக் கேட்டாள். அவர் தலையசைத்தார். வாசல்வரை வந்து வழியனுப்பவும் செய்தார். அதுதான் அவளை அதிகம் குத்தியது.

தங்கை மாதக் கடைசியில் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனாள். அவளுடைய புதிய அலுவலகத்தின் பெயர்ப்பலகை இரண்டு தெரு தள்ளியே தெரியும். பூட்டக்காவுக்கு வேலை குறைந்தது, ஆனால் நின்றுபோகவில்லை. ஜன்னல் திறக்கவும் குழாய் திருகவும் தனியாகவே போகிறாள். வண்டியில் பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்துக்கொள்கிறாள்.

தங்கை மகள் மட்டும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறாள். இப்போது அவளுக்குப் பதினேழு. பெரியம்மா மடியில் தலை வைத்துப் படம் பார்ப்பாள். அம்மாவைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. போன வாரம் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"அம்மா உங்களைக் கேட்டாங்க பெரியம்மா."

"என்னன்னு?"

"நேரத்துக்குச் சாப்பிடுறாங்களான்னு."

பூட்டக்கா பெண்ணின் தோளில் நழுவிய பையைச் சரிசெய்தாள்.

"சாப்பிடுறேன்னு சொல்லு" என்றாள். பெண் படியிறங்கும்வரை நின்றுவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அன்று மத்தியானம் அவள் சமைக்கவே இல்லை.