வாய் மூடிப் பாடிய தாலாட்டு

ஐம்பதுகளின் நடுவில், எனக்குப் பதினாறு வயதிருக்கும்போது, என் குரல் எப்படிப்பட்டது என்று ஒரு ஆர்மோனியக்காரர் கண்டுபிடித்துச் சொன்னார். சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று அவரைப் பல வருடம் திட்டியிருக்கிறேன்.

இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். மார்கழி வந்தால் கோயிலில் பஜனை. அதில் நின்று பாட வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. ஆர்மோனியக்காரர் பகலில் தேயிலை ஆலையில் வேலை செய்தவர். பெண் பிள்ளைகள் என்றால் ஐந்து கட்டைச் சுருதி என்பது அவர் வைத்திருந்த சட்டம். அந்த ஐந்து கட்டையில் பாதி ஏறுவதற்குள் என் குரல் பிசிறிவிட்டது. மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அவர் பொறுமையாகச் சுருதியை இறக்கி இறக்கிப் பார்த்தார். நாலு, மூன்று, இரண்டரை. இரண்டு கட்டைக்கு வந்ததும் என் தொண்டை திறந்துகொண்டது. கீழே போனேன், மேலே வந்தேன், எங்கேயும் இடிக்கவில்லை. எனக்குள் இவ்வளவு இடம் இருக்கிறதா என்று நானே அசந்து போனேன்.

அவர் ஆர்மோனியத்தின் துருத்தியை மூடினார்.

"இது ஆம்பளைங்க சுருதி புள்ள. ஒருத்திக்காக எட்டுப் புள்ளைங்களையும் கீழ எறக்க முடியுமா? நீ தாளம் போடு."

கையில் ஜால்ராவைக் கொடுத்தார். மூன்று மார்கழி அதைத் தட்டியதோடு என் பஜனை முடிந்தது.

சரி, மலையில் கொழுந்து பறிக்கும்போது பாடலாம் என்று பார்த்தால் அங்கே வேறு வில்லங்கம். ஒரு நாள் பனிமூட்டம் இறங்கி, பக்கத்தில் நிற்பவள் கூடத் தெரியவில்லை. பெண்கள் கூடையை இறக்கிவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்தார்கள். நான் கொஞ்சம் தள்ளி நின்று மெதுவாக முனகிப் பாடினேன். என் குரலைக் கேட்டு, வேலை வாங்குகிற கங்காணி வந்துவிட்டார் என்று அத்தனை பேரும் அலறியடித்து எழுந்து கொழுந்தில் கை வைத்துவிட்டார்கள். வெற்றிலை எல்லாம் செடிக்கடியில். அது நான்தான் என்று தெரிந்ததும் எனக்கு விழுந்த ஏச்சு கொஞ்சமில்லை. விஷயம் காதுக்குப் போனபோது கங்காணிக்கு மட்டும் ஒரே சந்தோஷம். "நான் அந்தப் பக்கம் போறப்ப நீ இங்க பாடிக்கிட்டு இரு. எனக்கு ஒரு நடை மிச்சம்" என்றார். அன்றோடு மலையிலும் என்னை வாய் திறக்க விடவில்லை.

கல்யாணமாகி அடுத்த லயத்துக்குப் போனேன். லயம் என்றால் பத்துக் காம்பரா, பத்து ஒற்றையறை வீடுகள், ஒரே வரிசையில். நடுச்சுவர்கள் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் கேட்கும். அங்கே புது மருமகள் ஆண்குரலில் பாடினால் என்னென்ன கதை கட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். கோயிலில் முடியாது, மலையில் முடியாது, வீட்டிலும் முடியாது. பாட்டு தொண்டைக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தது. 

அப்போது பக்கத்துக் காம்பராவில் ஒரு பெரியவர் இறந்தார். பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து அழுதார்கள். முன்னெடுத்துப் பாடியவளுக்கு நடுவில் தொண்டை கட்டிக்கொண்டது. அந்த இடத்தில் நான் எடுத்தேன். ஒப்பாரிக்கு ஆர்மோனியம் கிடையாது, எடுக்கிறவள் சுருதிதான் எல்லாருக்கும். என் இரண்டு கட்டைக்கு அத்தனை பேரும் இறங்கி வந்தார்கள். அதுவரை அழாமல் நின்ற ஆண்கள் கூடச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். இழவு வீட்டில் சந்தோஷப்பட்ட பாவி அன்றைக்கு நான் ஒருத்திதான்.

அதற்குப் பிறகு எங்கே சாவு விழுந்தாலும் எனக்கு ஆள் வந்தது. மேல் டிவிசன், கீழ் டிவிசன், ஒரு தடவை ரயிலேறி வட்டகொடைக்குக் கூடப் போனேன். ஆனால் சாவு இல்லாத இடத்தில் என் குரலை யாரும் கேட்க விரும்பவில்லை. தங்கையின் கல்யாணத்தில் நலுங்குப் பாட்டுக்கு வாயெடுத்தேன். பெரியம்மா ஓடி வந்து வாயைப் பொத்தினார். "நல்ல காரியம் நடக்குதுடி" என்றார். அடுப்படியில் போய் உட்கார்ந்து தேங்காய் துருவினேன். கண்ணீர் தேங்காயில் விழாமல் பார்த்துக்கொண்டேன்.

இதையெல்லாம் கூடச் சகித்துக்கொண்டேன். மகள் பிறந்த பிறகுதான் தாங்க முடியவில்லை. சாயங்காலம் மலையில் வேலை விட்டதும், பகலெல்லாம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துக்குப் போய், ஆயாவிடமிருந்து அவளை வாங்கி வருவேன். வீட்டு வாசலை மிதித்ததும் அழத் தொடங்குவாள். என் பிள்ளையை என் குரலில் பாடித் தூங்க வைக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். முதல் அடி எடுத்ததுமே மாமியார் அடுப்படியிலிருந்து கத்தினார்.

"நிறுத்துடி! எழவுக்கு அழுவுற தொண்டையால பச்சப் புள்ளைக்குப் பாடுவியா? அதுக்கு ஏதாச்சும் ஆனா யாரு பதில் சொல்றது?"

"எனக்கு வேற தொண்ட இல்லியே அத்தே."

"அப்ப சும்மா இரு. நான் பாடுறேன்."

கீச்சுக் குரலில் அவர் பாடினார். பிள்ளை இன்னும் வீறிட்டாள். அடுத்த காம்பராவில் சுவரைத் தட்டினார்கள். மாமியாரைப் பிடித்து வெளியே தள்ளலாம் போல எனக்கு ஆத்திரம். ஆனால் அவர் சொன்னது என் மனதிலும் பயமாக உட்கார்ந்துவிட்டது. என் குரல் பிள்ளைக்கு ஆகாது என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன். அதுதான் பெரிய கொடுமை.

ஒரு நாள் மாமியார், மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலிக்குக் குடத்தோடு போயிருந்தார். பிள்ளை அழுது அழுது நீலம் பாரித்துவிட்டாள். அவளை நெஞ்சில் கவிழ்த்துப் போட்டு, வாயை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கட்டைக்கும் கீழே, நான் அதுவரை போயே பார்க்காத இடத்துக்கு இறங்கினேன். சத்தம் என்று எதுவும் வெளியே போகவில்லை. நெஞ்செலும்பு மட்டும் அதிர்ந்தது. பிள்ளை அழுகையை நிறுத்தினாள். காதை என் நெஞ்சில் அழுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் கை தளர்ந்து தொங்கியது.

குடத்தோடு திரும்பிய மாமியார் எட்டிப் பார்த்தார். "பாத்தியா, நேத்து நான் பாடுனது இன்னிக்கு வேல செஞ்சிருக்கு."

 அதன்பின் நான்கு வருடம் அப்படியேதான் பாடினேன். சுவருக்கு அந்தப் பக்கம் யாருக்கும் தெரியாது.

இத்தனைக்கும் மாமியாருக்கு என் குரலில் பெருமை உண்டு. பீலிக்கரையில், "எனக்கென்ன, என் மருமவ இருக்கா, என் சாவுல ஒரு கொறையும் இருக்காது" என்று சொல்லிக்கொள்வார். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம், இருமல் முற்றி இறந்தார். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தார்கள். பொய் சொல்வானேன், எனக்கு அழுகை வரவில்லை, பழைய கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தோடு எடுத்தேன்.

மகளை எந்தச் சாவுக்கும் நான் கூட்டிப் போனதில்லை. வாய் திறந்து நான் பாடி அவள் கேட்டதே இல்லை. அன்றைக்கு அவள் பெண்களின் முழங்காலுக்கிடையில் நுழைந்து வந்தாள். "புள்ளைய உள்ள விடாதீங்க" என்று யாரோ இழுக்கப் பார்த்தார்கள். அவள் கையை உதறிவிட்டு என் மடியில் ஏறினாள். காதை நெஞ்சில் வைத்தாள். அத்தனை ஓலத்துக்கும் நடுவில், விரலை வாயில் போட்டுக்கொண்டு தூங்கிப் போனாள்.

அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் நிறுத்தினால் அவள் விழித்துவிடுவாள். அதனால் நிறுத்தவில்லை. பாடை தூக்கும் நேரம் வரை, வாயை நன்றாகத் திறந்து, லயம் முழுக்கக் கேட்கும்படி பாடினேன்.

மாமியாருக்காக இவ்வளவு நேரம் அழுத மருமகளை இந்தத் தோட்டம் கண்டதில்லை என்று ரொம்ப நாள் பேசிக்கொண்டார்கள். நான் யாரிடமும் திருத்திச் சொல்லவில்லை.